மூக்கடைப்புக்கு எந்த மருந்து? ஓர் ஆசிரியையின் கடிதத்துக்குப் பதில்

வாசகியின் கடிதம்:

"எனக்கு வயது 38. பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். மூன்று ஆண்டுகளாகக் காலையில் கண் விழித்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், மூக்கில் நீர், அண்ணத்தில் அரிப்பு. இரவில் இரண்டு மூக்கும் அடைத்துக்கொண்டு வாயால்தான் மூச்சு விடுகிறேன். தினமும் செட்டிரிசின் 10 மி.கி. சாப்பிட்டு வருகிறேன். தும்மல் குறைந்தது, அடைப்பு குறையவில்லை. மாத்திரையை நிறுத்திப் பார்த்தால் இரண்டு நாளில் உடம்பெல்லாம் அரிக்கிறது. ஆறு மாதமாக அதனுடன் ஒரு சளி மாத்திரையையும் இரவில் சேர்த்துக்கொள்கிறேன். ஐந்து மாதமாக மூக்கில் சொட்டு மருந்து விடாமல் தூக்கம் வருவதில்லை. காலை இரண்டாவது பாடவேளையில், கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கண் சொக்குகிறது. மருத்துவர் ஒருவர் ஸ்டீராய்டு ஸ்ப்ரே எழுதிக் கொடுத்தார். பயந்துபோய் மூன்றே நாளில் விட்டுவிட்டேன். மான்டெலுகாஸ்ட் கலந்த மாத்திரை இன்னும் சக்தி வாய்ந்தது என்று தோழி சொல்கிறார். எனக்கு எது சிறந்த மருந்து? ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டுமா?

பின்குறிப்பு: 71 வயதான என் தந்தைக்கும் சில வாரங்களாக மூக்கு ஒழுகுகிறது. என் சளி மாத்திரையையே அவருக்கும் இரவில் கொடுக்கிறேன். அவருக்குப் புராஸ்டேட் வீக்கம் உண்டு. வேறு தொந்தரவு இல்லை."

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்கு வருமுன் பின்குறிப்பிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இக்கடிதத்தில் உடனே கவனிக்க வேண்டியது அதுதான். தந்தையாருக்கு அந்தச் சளி மாத்திரையை இன்றிரவிலிருந்து கொடுக்க வேண்டாம். மாத்திரை அட்டையின் பின்புறம் அச்சிட்டிருந்ததை நீங்கள் தனித்தாளில் அப்படியே எழுதி அனுப்பியது மிக நல்லதாயிற்று: குளோர்பெனிரமின் 2 மி.கி., ஃபினைலெஃப்ரின் 10 மி.கி., பாராசிட்டமால் 500 மி.கி. இவற்றுள் முதலாவது, பழைய தலைமுறையைச் சேர்ந்த ஒவ்வாமை மருந்து. அது ஒவ்வாமையைக் கிளப்பும் ஹிஸ்டமின் என்னும் சுரப்பைத் தடுப்பதோடு நிற்பதில்லை. சிறுநீர்ப்பையைச் சுருங்கச் செய்யும் அசெட்டைல்கோலின் என்னும் நரம்புச் சுரப்பின் வேலையையும் சேர்த்தே தடுக்கிறது. இரண்டாவதான ஃபினைலெஃப்ரின், இரத்தக் குழாய்களைச் சுருக்கும் வகையைச் சேர்ந்தது. இவ்வகை மருந்துகள் சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதித் தசையையும் இறுக்கக் கூடியவை. புராஸ்டேட் வீங்கியிருப்பவருக்குச் சிறுநீர் போகும் வழி ஏற்கெனவே குறுகலானது. அதில் உந்தும் தசையைத் தளர்த்தி, வாயிலையும் இறுக்கினால் ஓரிரவில் சிறுநீர் முற்றிலும் அடைத்துக்கொள்ளக்கூடும். அடிவயிறு உப்பி வலியெடுத்து, முயன்றும் சிறுநீர் வரவில்லை என்றால் காலைவரை காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். குழாய் செருகி வெளியேற்ற வேண்டிய அவசர நிலை அது.

வயதானவர்களிடம் இந்த மருந்து செய்யும் வேறு காரியங்களும் உண்டு: வாய் உலர்வது, மலச்சிக்கல், நடுஇரவில் எழும்போது தள்ளாட்டம், சில சமயம் மனக்குழப்பம். "அப்பா கொஞ்ச நாளாக எதையும் மறந்துவிடுகிறார்" என்று பிள்ளைகள் கவலையோடு அழைத்துவரும்போது, நான் முதலில் கேட்பது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும்தான். அவற்றுள் ஒரு சளி மாத்திரையோ தூக்க மாத்திரையோ ஒளிந்திருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

அவருடைய மூக்கொழுகல் ஒவ்வாமைதானா என்பதையும் பார்க்க வேண்டும். இதுவரை இல்லாத ஒவ்வாமை 71 வயதில் புதிதாகத் தோன்றுவது அரிது. முதுமையில் மூக்கின் நரம்புகள் எளிதில் தூண்டப்பட்டு, சூடான உணவு உண்ணும்போதும் குளிர்ந்த காற்று படும்போதும் நீர் வடிவது உண்டு. அதற்கு மருந்து வேறு. ஒரு பக்க மூக்கிலிருந்து மட்டும், அதிலும் குனியும்போது தெளிந்த நீர் சொட்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள். ஒவ்வாமைதான் என்று உறுதியானால், லோரடடின் அல்லது ஃபெக்ஸோஃபெனடின் போன்ற புதிய தலைமுறை மருந்து, அல்லது ஸ்ப்ரே, அவர் சாப்பிடும் மற்ற மருந்துகளையும் சிறுநீரகத்தின் நிலையையும் பார்த்துத் தரப்படும். உங்களுடைய செட்டிரிசினை எடுத்துக் கொடுத்துவிட வேண்டாம். அது பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவது; சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்கு அளவைக் குறைத்தே கொடுக்க வேண்டும்.

இனி உங்கள் மூக்குக்கு வருவோம்.

எது சிறந்த மருந்து, எது சக்தி வாய்ந்தது என்று கேட்கிறீர்கள். வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இப்படித்தான் கேட்கிறார்கள். நான் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: உங்களை அதிகம் வதைப்பது தும்மலா, அடைப்பா? உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. தும்மல் குறைந்தது, அடைப்பு குறையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். செட்டிரிசின் தன்னால் முடிந்த வேலையைச் செய்துவிட்டது. அதன் சக்திக்கு உட்படாத வேலையைத்தான் நீங்கள் மூன்று ஆண்டுகளாக அதனிடம் எதிர்பார்த்து வந்திருக்கிறீர்கள்.

காரணம் இதுதான். ஒவ்வாமை உடையவரின் மூக்குச் சவ்வில் உள்ள மாஸ்ட் செல்கள் என்னும் நோய் எதிர்ப்பு அணுக்களின் மேல், ஐ.ஜி.இ. என்னும் எதிர்ப்புப் புரதம் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். தூசிப்பூச்சியின் கழிவோ மகரந்தமோ அதன்மேல் பட்டதும் அந்தச் செல்கள் சில நிமிடங்களிலேயே ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. அரிப்பும், தும்மலும், நீர் ஒழுகுவதும் பெரும்பாலும் இந்த ஹிஸ்டமினின் வேலை. ஆனால் கதை அங்கே முடிவதில்லை. சில மணி நேரம் கழித்து, ஈசினோஃபில் முதலிய வெள்ளை அணுக்கள் அங்கே வந்து குவிகின்றன, சவ்வு வீங்குகிறது, லூக்கோட்ரையீன் முதலிய வேறு பல சுரப்புகள் அந்த வீக்கத்தை நீடிக்கச் செய்கின்றன. அந்த வீக்கத்தையே நாம் அடைப்பு என்கிறோம். சளி கட்டியிருப்பதாக நினைத்து எத்தனை முறை சிந்தினாலும் எதுவும் வெளியே வராததற்கு இதுதான் காரணம். உள்ளே இருப்பது சளி இல்லை, வீங்கிய சவ்வு. ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரை முதல் கட்டத்தை நன்றாகப் பிடிக்கும். இரண்டாம் கட்டத்தில் அதற்குப் பெரிய பங்கில்லை. வீக்கத்தை அடக்குவது மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே. வாரத்தில் நான்கு நாளுக்கு மேல், தொடர்ந்து நான்கு வாரத்துக்கு மேல் தொல்லை நீடித்து, தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கும் உங்கள் நிலையில், தனியொரு மருந்தாக அதற்கு இணையானது மாத்திரைகளில் இல்லை. உங்களுக்கு அதை எழுதிக் கொடுத்த மருத்துவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

நீங்கள் அதைக் கைவிட்டதற்கு இரண்டு காரணங்கள் தெரிகின்றன: ஸ்டீராய்டு என்ற சொல் தந்த பயம், மூன்று நாளில் பலன் தெரியாத ஏமாற்றம். இரண்டையும் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியவர்களுக்கு எலும்பு தேய்வதும், சர்க்கரை ஏறுவதும், முகம் உப்புவதும் உண்மை. அதைக் கண்ட சமூகம் அந்தச் சொல்லுக்கு அஞ்சுவதில் வியப்பில்லை. ஆனால் அளவைப் பாருங்கள். ஃப்ளூட்டிகசோன் புரோப்பியனேட் அல்லது மொமெட்டசோன் ஸ்ப்ரேயில் ஒரு முறை அழுத்தினால் வருவது 50 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கு வழக்கமான தொடக்க அளவு ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு முறை. ஆக நாளொன்றுக்கு 200 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு. அதிலும் இவ்விரு மருந்துகளில் இரத்தத்தில் கலப்பது நூற்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. விழுங்கப்படும் பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடுகிறது. மருந்து வேலை செய்ய வேண்டிய இடத்தில் மட்டும் வேலை செய்யும்படி வடிவமைக்கப்பட்டது இது. கண் அழுத்த நோயோ கண்புரையோ உள்ளவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும்; எச்.ஐ.வி. சிகிச்சையில் ரிட்டோனவிர் எடுப்பவர்கள் ஃப்ளூட்டிகசோனைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் ரிட்டோனவிர் அந்த ஸ்ப்ரே மருந்து சிதைவதைத் தடுத்து உடலில் தேங்கவிடும். உங்களுக்கு இவை இரண்டும் இல்லை என்றால் அஞ்ச வேண்டியது எதுவுமில்லை. உண்மையில் அடிக்கடி நேரும் பக்கவிளைவு மூக்கு உலர்ந்து லேசாக இரத்தம் கசிவதுதான். அதுவும் பெரும்பாலும் அடிக்கும் முறை தவறுவதால் வருவது.

மூன்று நாளில் பலன் தெரியாதது மருந்தின் குறை ஆகாது. முதல் அரை நாளில் சிறிது இலகுவாக உணர்பவர்கள் உண்டு. முழுப் பலன் தெரிய ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும், அதுவும் தினமும் தவறாமல் அடித்தால்தான். அடைத்த அன்று மட்டும் அடிப்பது, சரியானதும் விடுவது என்றால் பயன் கிட்டாது. நீங்கள் பலன் தொடங்கும் வாசலில் திரும்பிவிட்டீர்கள்.

அடிக்கும் முறையை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். "ஸ்ப்ரே பலிக்கவில்லை" என்று வருபவர்களிடம் வெறும் புட்டியைக் கையில் கொடுத்து, வழக்கமாகச் செய்வதுபோல் செய்து காட்டுங்கள் என்பேன். பெரும்பாலோர் தலையை அண்ணாந்து, நுனியை நடுச்சுவர்ப் பக்கம் வைத்து, அழுத்தியவுடன் முழு வேகத்தில் உறிஞ்சுவார்கள். மருந்து நேரே தொண்டைக்குப் போய் வயிற்றில் இறங்கிவிடும். தொண்டையில் மருந்தின் வாடையோ சுவையோ தெரிந்தால் அது மூக்கில் தங்கவில்லை என்று பொருள். சரியான முறை இது: முதலில் மூக்கை மென்மையாகச் சிந்திவிட்டு, புட்டியைக் குலுக்குங்கள். புதுப் புட்டி என்றால் சீரான தூவல் வரும்வரை காற்றில் சில முறை அழுத்துங்கள். தலையைச் சற்றே முன்னால் குனியுங்கள், காலணியைப் பார்ப்பதுபோல. வலது மூக்குக்கு இடது கையால், இடது மூக்குக்கு வலது கையால் பிடியுங்கள். கையை மாற்றினாலே நுனி தானாக நடுச்சுவரை விட்டு விலகி, அதே பக்கக் கண்ணின் வெளிமூலையை நோக்கித் திரும்பிவிடும். அழுத்தும்போது பூவை முகர்வதுபோல மெல்ல மூச்சை இழுத்தால் போதும். பிறகு பத்து நிமிடமாவது சிந்தாமல் இருங்கள். இப்படிக் கை மாற்றிப் பிடிப்பது ஒன்றினாலேயே இரத்தக் கசிவு நின்றுபோனவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது, ஐந்து மாதமாக விட்டுவரும் சொட்டு மருந்து. அதில் சைலோமெட்டாசோலின் 0.1 சதவீதம் இருப்பதாக அதே தனித்தாளில் எழுதியிருக்கிறீர்கள். ஆக்சிமெட்டாசோலினும் இதே குடும்பம். வீங்கிய சவ்வின் இரத்தக் குழாய்களை இது சில நிமிடங்களில் சுருக்கிவிடுவதால் மாயம் போலத் திறந்துகொள்ளும். ஜலதோஷத்தில் மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள் பயன்படுத்த வேண்டிய மருந்து இது. அதைத் தாண்டினால் மருந்தின் பிடி விட்டதும் குழாய்கள் முன்னிலும் அதிகமாக விரிந்து, சவ்வு முன்னிலும் மோசமாக வீங்கும். அதை அடக்க மறுபடி சொட்டு, மறுபடி வீக்கம். இன்று நீங்கள் இரவில் அனுபவிக்கும் அடைப்பில் ஒரு பகுதி ஒவ்வாமையால் வருவது, இன்னொரு பகுதி இந்தச் சொட்டு மருந்தாலேயே வருவது என்று உறுதியாக நம்புகிறேன். இதற்காக உங்களைக் குறைசொல்லவில்லை. மூச்சு முட்டும் மனிதர் கைக்கு எட்டியதைப் பற்றுவது இயல்பு. விடுவதற்கு ஒரு வழி உண்டு. ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை இரண்டு மூக்கிலும் தொடங்கி, ஒரு வாரம் கழித்து ஒரு பக்க மூக்குக்கு மட்டும் சொட்டை நிறுத்துங்கள். மற்றப் பக்கம் திறந்திருப்பதால் தூங்கிவிடலாம். நிறுத்திய பக்கம் சில நாளில் தானாகத் திறந்துகொள்ளும். அதன்பின் மறுபக்கத்தையும் நிறுத்துங்கள். இடையில் வரும் சில இரவுகள் கடினமானவைதான். தலையணையை உயர்த்திக்கொள்வதும், படுக்குமுன் உப்பு நீரால் மூக்கைக் கழுவுவதும் அந்த இரவுகளைக் கடக்க உதவும். கழுவும் நீர் கொதிக்க வைத்து ஆறியதாகவோ காய்ச்சி வடித்ததாகவோ மட்டுமே இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை நேரே மூக்கில் ஏற்றியவர்களுக்கு, நீரில் வாழும் ஒருவகை அமீபா மூளையைத் தாக்கி உயிர் போன சம்பவங்கள் பதிவாகியுள்ளன.

இரண்டாவது பாடவேளையில் கண் சொக்குவதற்குக் காரணம் அந்தச் சளி மாத்திரைதான் என்பது என் கணிப்பு. குளோர்பெனிரமின் இரத்தத்தில் பாதியாகக் குறையவே பெரியவர்களுக்கு ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டது காலைப் பள்ளி நேரத்தில் பெரும்பகுதி உடலில்தான் இருக்கிறது. மறுநாள் இரவு மிச்சத்தின்மேல் இன்னொன்று சேர்கிறது. போதாததற்கு, செட்டிரிசினும் ஒரு ஒவ்வாமை மருந்தே. ஒரே வேலைக்கு இரண்டு மருந்துகளை ஆறு மாதமாகச் சேர்த்துச் சாப்பிட்டிருக்கிறீர்கள். அட்டையின் முன்புறம் இருக்கும் வணிகப் பெயர்கள் வேறுவேறாக இருப்பதால் இது கண்ணில் படுவதில்லை. காய்ச்சலோ வலியோ இல்லாத ஒருவர் ஆறு மாதம் இரவுதோறும் பாராசிட்டமால் விழுங்கியிருக்கிறார் என்பதும் அந்த அட்டையின் பின்புறத்தைப் படித்தால்தான் தெரிகிறது. ஃபினைலெஃப்ரினைப் பற்றியும் ஒரு வார்த்தை: வாய்வழியாக விழுங்கும்போது அது மூக்கடைப்பைக் குறைப்பதில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023-இல் முடிவு தெரிவித்தது, அதை மாத்திரைகளிலிருந்து நீக்கும் முன்மொழிவை அந்நிர்வாகம் 2024-இல் வெளியிட்டது. ஆகவே அந்த மாத்திரையில் உங்களுக்குத் தேவையானது ஒன்றுகூட இல்லை. நிறுத்திவிடுங்கள்.

தூக்கம் வருகிறதே தவிர வேறு கெடுதல் இல்லை என்று சிலர் சொல்வார்கள். தூக்கமே வருவதில்லை, பழகிவிட்டது என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டாவது கூட்டத்தாரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. அமெரிக்காவின் ஐயோவாவில் வாகனம் ஓட்டுவதைப் போன்ற சூழலை உருவாக்கும் கருவியில் 40 பேரை வைத்துச் செய்து, 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், அதே பழைய தலைமுறையைச் சேர்ந்த டைபென்ஹைட்ரமின் சாப்பிட்டவர்கள் மது அருந்தியவர்களைவிடவும் மோசமாக ஓட்டினார்கள். ஃபெக்ஸோஃபெனடின் சாப்பிட்டவர்கள் மருந்தே இல்லாத மாத்திரை சாப்பிட்டவர்களைப் போலவே ஓட்டினார்கள். இதில் முக்கியமானது, தமக்கு எவ்வளவு தூக்கம் வருகிறது என்று அவர்களே சொன்னதற்கும் அவர்கள் ஓட்டிய விதத்துக்கும் பெரிய தொடர்பு இல்லை என்பதுதான். மயக்கம் தெரியாததால் மூளை விழிப்பாக இருக்கிறது என்று ஆகிவிடாது. நீங்கள் பள்ளிக்கு வண்டி ஓட்டிச் செல்பவர் என்றால் இதை இரட்டிப்பாகக் கவனத்தில் கொள்ளுங்கள்.

புதிய தலைமுறை மாத்திரைகளுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது அவ்வளவு பெரிய காரியம் இல்லை. பலனில் அவற்றிடையே உள்ள வேறுபாடு சிறியது. ஆளுக்கு ஆள் ஒத்துக்கொள்வதுதான் மாறும். செட்டிரிசின் சிலருக்குத் தூக்கம் தரும். செட்டிரிசினில் கலந்திருக்கும் இரண்டு மூலக்கூறு வடிவங்களில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்ததே லெவோசெட்டிரிசின் என்பதால் அதற்கு மாறினால் தூக்கம் போய்விடும் என்று எண்ண வேண்டாம். லோரடடின், டெஸ்லோரடடின், பைலாஸ்டின், ஃபெக்ஸோஃபெனடின் ஆகியவை குறைவாகவே தூக்கம் தருபவை; அவற்றுள் ஃபெக்ஸோஃபெனடின் மூளைக்குள் செல்வது மிகமிகக் குறைவு. ஆனால் ஃபெக்ஸோஃபெனடினைப் பழச்சாற்றுடன் விழுங்கினால் உடலில் சேரும் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். தண்ணீருடன் மட்டுமே சாப்பிட வேண்டும். அலுமினியமும் மெக்னீசியமும் கலந்த அமில முறி மருந்தையும் அதையும் ஒரே நேரத்தில் சாப்பிடக் கூடாது. பைலாஸ்டினை உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ சாப்பிட வேண்டும். மாத்திரை மாற்றியும் பலிக்கவில்லை என்பவர்கள் சிலரிடம் விசாரித்தால் விஷயம் இவ்வளவுதான் என்று தெரியவரும்.

உங்களுக்கு இப்போதைக்கு நான் செட்டிரிசினை மாற்றச் சொல்லவில்லை, உடனே நிறுத்தவும் சொல்லவில்லை. நிறுத்தினால் இரண்டு நாளில் உடம்பெல்லாம் அரிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது உங்கள் கற்பனையும் இல்லை, போதைக்கு அடிமையாவது போன்றதும் இல்லை. செட்டிரிசினையும் லெவோசெட்டிரிசினையும் பல மாதங்கள், ஆண்டுகள் தினமும் சாப்பிட்டவர்களில் சிலருக்கு, நிறுத்திய சில நாட்களில் கடுமையான அரிப்பு வரக்கூடும் என்று 2025 மே மாதம் மேற்சொன்ன அமெரிக்க நிர்வாகமே எச்சரிக்கை வெளியிட்டது. இது அரிதாகவே நேர்கிறது. மருந்தை மீண்டும் தொடங்கினால் தணிகிறது. படிப்படியாகக் குறைத்து நிறுத்தியபோது சிலருக்குத் தீர்ந்திருக்கிறது. ஆகவே முதலில் சளி மாத்திரை போகட்டும், ஸ்ப்ரே நிலைபெறட்டும், சொட்டு மருந்து விடுபடட்டும். மூக்கு அமைதியான பிறகு செட்டிரிசினைக் குறைக்கும் வேலையை உங்கள் மருத்துவருடன் பேசித் தொடங்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் எது வந்தது என்று நமக்கே விளங்காது.

தோழி சொன்ன மான்டெலுகாஸ்ட் மாத்திரையை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆஸ்துமாவுக்கு அது பயன்படும் மருந்து. மூக்கு ஒவ்வாமையில் அதன் பலன் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயைவிடக் குறைவு. மறுபுறம், கெட்ட கனவு, தூக்கக் கலைவு, படபடப்பு, மனச்சோர்வு, சிலரிடம் தற்கொலை எண்ணம் வரை நேர்ந்ததால், 2020 மார்ச்சில் அமெரிக்காவில் அதன் மருந்துக் குறிப்புத் தாளில் மிகக் கடுமையான எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. மற்ற மருந்துகள் பலிக்காதவர்களுக்கும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் மட்டுமே மூக்கு ஒவ்வாமையில் அதைத் தர வேண்டும் என்பது அந்த எச்சரிக்கையின் சாரம். லெவோசெட்டிரிசினுடன் சேர்த்து ஒரே மாத்திரையாக வருவதால், வாங்குபவர்களில் பலருக்கு அதற்குள் இது இருப்பதே தெரிவதில்லை. இதைப் படிக்கும் பெற்றோர் எவராவது பிள்ளைக்கு அதைக் கொடுத்துவந்து, பிள்ளை அண்மையில் இரவில் அலறி எழுவதையோ சிடுசிடுப்பாக மாறியிருப்பதையோ கண்டால், மருத்துவரிடம் அன்றே சொல்லுங்கள்.

ஸ்ப்ரேயைச் சரியான முறையில் நான்கு வாரம் அடித்தும் போதவில்லை என்றால் அடுத்த படி, அசெலாஸ்டின் என்னும் ஹிஸ்டமின் தடுப்பு மருந்தும் ஸ்டீராய்டும் சேர்ந்த ஸ்ப்ரே. அசெலாஸ்டின் ஏறத்தாழ கால் மணி நேரத்திலேயே வேலை தொடங்கும்; வாயில் ஒரு கசப்பு தெரியும், அவ்வளவே. கண்ணும் அரித்து நீர் வடிந்தால் ஓலோபடடின் சொட்டு மருந்து போதுமானது. பருவத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கொண்டால் ஒவ்வாமையே தெரியாது என்று யாரேனும் சொன்னால் மறுத்துவிடுங்கள். உடலில் வாரக்கணக்கில் தங்கும் ஸ்டீராய்டு ஊசி அது. நீங்கள் ஸ்ப்ரேயைக் கண்டு அஞ்சிய எல்லாக் கெடுதல்களும் அந்த ஊசிக்குத்தான் பொருந்தும்.

இவ்வளவையும் கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்கிறேன்; உங்கள் மூக்கை நான் பார்க்கவில்லை. எப்போதும் ஒரே பக்கம் அடைப்பது, இரத்தம் கலந்த சளி, மணம் தெரியாமல் போவது, முகவலியுடன் காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் முதலில் பரிசோதனை, பிறகே மருந்து. இரவில் இருமலோ நெஞ்சில் விசில் போன்ற ஒலியோ உண்டா என்பதை நீங்கள் எழுதவில்லை. மூக்கு ஒவ்வாமை உள்ளவர்களில் கணிசமானோருக்கு ஆஸ்துமாவும் சேர்ந்தே இருக்கும். அதை மூக்கு மருந்தால் மூடிவைக்கக் கூடாது. உணவோ மருந்தோ பூச்சிக்கடியோ பட்டுத் தடிப்புடன் மூச்சுத் திணறலோ, நாக்கு வீக்கமோ, மயக்கமோ வருவது முற்றிலும் வேறு நிலை. அப்போது செட்டிரிசினைத் தேடி நேரத்தைப் போக்கக் கூடாது. தொடையின் வெளிப்புறத் தசையில் போடும் அட்ரினலின் ஊசிதான் உயிரைக் காக்கும். உடனே அவசர சிகிச்சைக்கு விரைய வேண்டும்.

ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். மாத்திரையும் ஸ்ப்ரேயும் ஒவ்வாமையின் தொல்லையை அடக்குகின்றன. ஒவ்வாமைத் தன்மையை மாற்றுவதில்லை. ஆனால் முழு அளவில் என்றென்றும் தேவைப்படும் என்பதும் இல்லை. சில மாதம் நன்றாக அடங்கிய பிறகு ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு முறை என்பதை ஒரு முறையாகக் குறைத்துப் பார்ப்பேன். அடங்கியே இருந்தால் நிறுத்தியும் பார்ப்பேன். கண் விழித்ததும் தும்மல் தொடங்குவது படுக்கையில் வாழும் தூசிப்பூச்சியைச் சுட்டுகிறது. படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பது அதைக் கொல்லும்; ஆனால் துவைப்பதால் மட்டும் மருந்துத் தேவை நீங்கிவிடும் என்று நான் வாக்களிக்க மாட்டேன். தன்மையையே மாற்றும் சிகிச்சை ஒன்று உண்டு. ஒவ்வாமை தரும் பொருளையே சிறு சிறு அளவில் ஊசியாகவோ நாக்கின் அடியில் வைக்கும் மருந்தாகவோ தந்து உடலைப் பழக்குவது அது. 1911-இல் லண்டனில் லெனர்டு நூன் என்ற மருத்துவர் புல் மகரந்தத்தைக் கொண்டு செய்த சோதனைகளில் தொடங்கியது. குறைந்தது மூன்று ஆண்டு தொடர வேண்டும். எது ஒவ்வாமை தருகிறது என்று சோதனையில் உறுதியாகி, மருந்துகளாலும் நிம்மதி கிடைக்காதவர்களுக்கு அது நல்ல வழி.

அந்தச் சோதனையைத் தோலில் குத்திச் செய்வதென்றால், செட்டிரிசின் போன்ற மாத்திரைகளை ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், இல்லையேல் தோலில் தடிப்பு எழும்பாது. நிறுத்தினால் அரிப்பு வரும் உங்களுக்கு அது துன்பம். இரத்தத்தில் குறிப்பிட்ட ஐ.ஜி.இ. அளவைப் பார்க்கும் சோதனைக்கு எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டியதில்லை. மருத்துவரிடம் அதைக் கேளுங்கள்.

ஸ்ப்ரே தொடங்கும் தேதியைப் புட்டியின் மேலேயே எழுதிவையுங்கள். 14 நாள் ஆகுமுன் அது பலித்ததா இல்லையா என்ற முடிவுக்கு வர வேண்டாம். ஆறு வாரம் கழித்து, எத்தனை இரவு மூக்கால் மூச்சு விட்டுத் தூங்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். மாத்திரையை நிறுத்திய பின் தந்தையார் இரவில் எத்தனை முறை எழுகிறார், சிறுநீர் தடையின்றிப் போகிறதா என்பதையும் மறவாமல் அதில் சேர்த்து எழுதுங்கள்.